பட்டறைப் பதில்கள்: பிளாஸ்டிக் ஸ்டொக்கில் ரைபிளுக்கு பெடிங்

இந்த மாதத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே விடயம்தான்: செயற்கை ஸ்டொக்கில், அதாவது பிளாஸ்டிக் கட்டையில், ரைபிளின் அக்ஷனை (குழலின் பின்னால் போல்ட் ஓடும் இரும்புப் பகுதியை) எப்படிப் பதிய வைப்பது, அதாவது இரண்டுக்கும் நடுவே எபொக்சிப் பசை வைத்து எப்படி பெடிங் போடுவது. தேயிலை ரோலர் பற்றியும் தண்ணீர் மோட்டர் பற்றியும் எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் பிட்டராக இருந்து துவக்கு வேலைக்கு வந்தவன். எந்த இரும்பாக இருந்தாலும் அது உட்காரும் இடத்தில் இழுபடாமல் உட்கார வேண்டும் என்பதை அங்கேதான் படித்தேன். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான் சொல்கின்றன.

கேள்வி: என்னிடம் இருப்பது அனுமதிப்பத்திரமுள்ள .22 போல்ட் அக்ஷன் விளையாட்டு ரைபிள். மர ஸ்டொக் கைப்பிடிக்கு அருகில் வெடித்துவிட்டதால் கறுப்புப் பிளாஸ்டிக் ஸ்டொக் ஒன்றை வாங்கி மாற்றினேன். 50 மீற்றரில் சுடும்போது ரவைகள் இரண்டு கூட்டங்களாக விழுகின்றன. நடுவில் இரண்டு விரல் அகல இடைவெளி. பெடிங் போட்டால் சரியாகும் என்கிறார் ஒரு நண்பர். அது மர ஸ்டொக்குக்குத்தான், செயற்கைக்குத் தேவையே இல்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகர், தியத்தலாவை

பதில்: மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், செயற்கை ஸ்டொக் அந்த அளவுக்கு ஆடாது. இரண்டாவது நண்பர் சொல்வதில் அதுவரைக்கும் சரி. ஆனால் ஊதாமல் இருந்தால் மட்டும் பொருந்திவிட்டது என்று ஆகாது. அச்சில் வார்க்கும் ஸ்டொக், அந்த மாதிரியில் வரும் எல்லா ரைபிளும் உள்ளே போக வேண்டும் என்ற கணக்கில் சற்றுத் தளர்வாகவே செய்யப்படுகிறது. உங்கள் அக்ஷன் அதற்குள் இரண்டு இடங்களில் உட்கார முடிகிறது. ஒரு சூட்டுக்கு ஒரு இடம், அடுத்த சூட்டுக்கு மற்ற இடம். இரண்டு கூட்டங்களாக விழுவதற்கு இது மிகப் பழகிய காரணம். 50 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர்தான். இரண்டு விரல் அகலத்துக்குள் அது மூன்று தடவை அடங்கும். ஆகவே நீங்கள் கவலைப்படுவது நியாயம்.

ஆனாலும் எபொக்சி டப்பாவைத் திறப்பதற்கு முன் நான்கு இடங்களைப் பாருங்கள். ஸ்டொக் மாற்றிய ரைபிளில் நான் முதலில் சந்தேகப்படுவது, அடியிலிருந்து ஸ்டொக்கை அக்ஷனோடு பிடிக்கும் ஸ்குரூவின் நீளத்தை. பழைய மர ஸ்டொக்கின் அடிக்கனமும் புதியதின் அடிக்கனமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். புதியது மெலிதாக இருந்தால், முன் ஸ்குரூ அக்ஷனில் உள்ள துளையின் அடியைப் போய் முட்டி நின்றுவிடும். உங்கள் கைக்கு அது நன்றாக இறுகியதாகத் தெரியும். உண்மையில் ஸ்டொக்கை அது பிடிக்கவே இல்லை. ஸ்குரூவின் நுனியில் நிரந்தர மை பேனாவால் கறுப்புப் பூசி, முழுதாக முறுக்கிக் கழற்றிப் பாருங்கள். நுனியில் கறுப்பு தேய்ந்து இரும்பு மின்னினால் முட்டுகிறது என்று அர்த்தம். அரை மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர் அரத்தால் ராவிவிட்டால் போதும். இதை மட்டும் செய்து, பெடிங் போடாமலேயே ரைபிள் சரியானதை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, தொலைநோக்கியின் வளையங்களும் அடிப்பட்டையும் இறுக்கமா என்று பாருங்கள். மூன்றாவது, ஒரே பெட்டி ரவைகளால் சுட்டுப் பாருங்கள்; .22 ரைபிள் ரவை விடயத்தில் மிகவும் வீம்பு பிடிக்கும். நான்காவது, குழலுக்கும் ஸ்டொக்குக்கும் நடுவே ஒரு கடதாசித் துண்டை நுழைத்து அக்ஷன் வரை இழுத்துப் பாருங்கள். ரைபிள் மேசையில் கிடக்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. மணல் பையில் வைத்து, பட்டியை இழுத்துப் பிடித்து, சுடும் நிலையிலேயே பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்டொக்கின் முன்பகுதி வளைந்து வந்து குழலைத் தொடுவது அப்போதுதான் தெரியும்.

இவை எல்லாம் சரி என்றால், அக்ஷன் இழுபட்டிருக்கிறதா என்று அளந்து பார்க்கலாம். இதற்கு டயல் கேஜ், அதாவது மயிரிழை அசைவையும் முள்ளால் காட்டும் அளவுகருவி, வேண்டும். உங்கள் ஊரில் எந்தத் தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையிலும் தண்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒன்று வைத்திருப்பார்கள். ரைபிளை அங்கே கொண்டுபோக வேண்டாம். கேஜை இரவல் வாங்கி வாருங்கள். துவக்கு வெறுமையாக இருப்பதை உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, கேஜின் காந்தக் காலைக் குழலில் ஒட்டி, ஊசி முனையை ஸ்டொக்கின் முன் நுனியில் வையுங்கள். இரண்டு ஸ்குரூவும் இறுக்கமாக இருக்கும்போது பூச்சியத்துக்குத் திருப்பி, முன் ஸ்குரூவை மெதுவாகத் தளர்த்துங்கள். முள் 0.05 மில்லிமீற்றருக்குள் நின்றால் உட்காருமிடம் நல்லது. அதைவிட அதிகம் ஓடினால் ஸ்குரூவை இறுக்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் அக்ஷனை வளைக்கிறீர்கள். ஒரு கால் கட்டையான மேசையைப் பலகையோடு சேர்த்து ஆணியடித்தால் பலகைதானே வளையும்? அதுதான் இங்கேயும் நடக்கிறது.

சரி, பெடிங் தேவை என்று முடிவாகிவிட்டது. இப்போது உங்கள் ஸ்டொக் எந்தப் பொருள் என்று பாருங்கள். கண்ணாடி நார்ப் படலங்களை எபொக்சியில் தோய்த்து அடுக்கிச் செய்த ஸ்டொக் என்றால் வேலை பாதி முடிந்த மாதிரி. எபொக்சி அதில் உயிரோடு ஒட்டும். ஆனால் விலை குறைந்த கறுப்பு ஸ்டொக் பெரும்பாலும் அச்சில் ஊற்றியது. அடிப்பக்கம் நெடுக ஒரு அச்சுக்கோடு ஓடும். முன்பகுதியின் உள்ளே வெற்றிடமும் குறுக்கு விலாக்களும் தெரியும். தட்டினால் உள்ளே ஒன்றுமில்லாத சத்தம் வரும். இது கண்ணாடி நார் கலந்த நைலோனாகவோ பொலிபுரொப்பிலீனாகவோ இருக்கும். இரண்டிலும் எபொக்சி தானாக ஒட்டாது. பொலிபுரொப்பிலீனில் அறவே ஒட்டாது. அதனால் பசையை நம்பாதீர்கள், கொக்கியை நம்புங்கள். எபொக்சி உட்காரப் போகும் பரப்பை 2 அல்லது 3 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் குடைந்து, அந்தக் குழியின் தரையிலும் சுவரிலும் சிறு துளைகளைச் சரிவாகப் போடுங்கள். ஒரு துளை இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம். எபொக்சி அந்தத் துளைகளுக்குள் இறங்கி இறுகிவிட்டால் ஒட்டாவிட்டாலும் கழன்று வராது. விலாக்கள் இருந்தால் அவற்றையும் துளைத்து, எபொக்சி ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்படி விடுங்கள். பழைய உட்காருமிடத்தில் பின்னால் ஒரு சிறு திட்டையும் முன்னால் ஒரு சிறு திட்டையும் குடையாமல் வையுங்கள். இல்லாவிட்டால் அக்ஷன் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளமே இருக்காது.

குடைந்த இடத்தைத் துடைக்கப் பலர் பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குகிறார்கள். அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருப்பதுண்டு. தோலுக்கு நல்லது, எபொக்சிக்குப் பகை. ஐசோபுரொப்பைல் அல்ககோல் என்று கேட்டு வாங்குங்கள்.

பிளாஸ்டிக் ஸ்டொக் என்றால் ஸ்குரூத் துளைகளுக்கு அலுமினியக் குழாய்த் தூண்களை நான் கட்டாயம் வைப்பேன். தொடர்ந்து அழுத்தம் இருந்தால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல நசுங்கிக்கொண்டே போகும். இன்று இறுக்கிய ஸ்குரூ மூன்று மாதத்தில் தளர்ந்திருக்கும். தூண் இருந்தால் ஸ்குரூவின் இறுக்கம் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நிற்கும். தூணின் உட்துளை ஸ்குரூவைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். ஸ்குரூவின் உடல் எங்கேயும் உரசக்கூடாது.

அடுத்தது மெழுகும் களிமண்ணும். சிறுபிள்ளைகள் உருட்டி விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணை எடுத்து, அக்ஷனின் அடியில் எபொக்சி புகுந்து பூட்டிக்கொள்ளக்கூடிய ஒவ்வொரு பொந்தையும் அடையுங்கள்: விசைத் தொகுதி கழற்றிய இடம், மெகசின் வாய், குறுக்கு ஊசிகளின் துளைகள், கூர்மையான உட்குழிவுகள். அடைத்ததைப் பழைய பிளேடால் மட்டமாகச் சீவுங்கள். பிறகு, எபொக்சி இரும்பில் ஒட்டாமல் இருக்க, மெழுகாக நிறமில்லாத கிவி சப்பாத்துப் பொலிஷை அக்ஷனில் மெல்லியதாகத் தடவி, காயவிட்டு, மெதுவாகத் தேய்த்து, மறுபடியும் ஒரு பூச்சு. ஸ்குரூ புரிகளை மறக்காதீர்கள். ஸ்டொக்கின் வெளிப்புறத்திலும் எபொக்சி வழியக்கூடிய இடமெல்லாம் டேப் ஒட்டிவிடுங்கள்.

எபொக்சி வாங்கும்போது ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைத் தொடாதீர்கள். இரும்புத்தூள் கலந்த, மெதுவாக இறுகும் பசைதான் வேண்டும். நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஜே-பி வெல்ட். இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு. டெவ்கொன் பிளாஸ்டிக் ஸ்டீல் பசை கிடைத்தால் இன்னும் நல்லது. அது எடையில் பசை ஒன்பதுக்கு, அதை இறுக வைக்கும் கடினமாக்கி ஒன்று. கண்ணளவில் கலக்காதீர்கள், நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றை இரவல் வாங்குங்கள். கடினமாக்கி கூடினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எபொக்சி அப்படி வேலை செய்வதில்லை. அளவு தவறினால் எப்போதும் மென்மையாகவே கிடக்கும். கலக்கும்போது காற்றை அடித்து உள்ளே ஏற்றாமல், தகட்டில் தேய்த்துத் தேய்த்துக் கலக்குங்கள். குழியில் வைக்கும்போது நடுவிலிருந்து வெளியே தள்ளி நிரப்புங்கள்.

இனிச் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். அக்ஷனை எபொக்சியில் இறக்கிய பிறகு எல்லாரும் செய்வது என்ன? ஸ்குரூக்களைப் போட்டு முழுப் பலத்தோடு இறுக்குவது. இறுக்கினால் என்ன ஆகும்? அக்ஷன் வளைந்த நிலையில் நிற்க, எபொக்சி அந்த வளைவையே அச்செடுத்து இறுகும். நீங்கள் சரிசெய்ய வந்த குறையை நிரந்தரமாக வார்த்துவிடுகிறீர்கள். ஆகவே ஸ்குரூவால் இறுக்கவே வேண்டாம். தலையறுத்த நீள ஸ்குரூ இரண்டை அக்ஷனில் கையால் மாட்டி, தூண்களுக்குள் வழிகாட்டியாக மட்டும் விடுங்கள். அவற்றைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று டேப் இருந்தால் துளையின் நடுவில் நிற்கும். குழலின் முன்பக்கத்தில், ஸ்டொக்கின் நுனிக்கு நேராக, டேப்பைச் சுற்றிச் சுற்றி, குழல் சரியான உயரத்தில் நடுவில் தங்கும்படி செய்யுங்கள். அக்ஷன் இறங்கி அந்தத் திட்டைகளைத் தொட்டதும், பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, ஸ்டொக்கையும் அக்ஷனையும் சேர்த்து மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மேலே எழாமல் பிடித்தால் போதும், அழுத்த வேண்டாம். இரும்பு எந்தப் பக்கமும் இழுபடாமல் இருக்கும்போது எபொக்சி இறுக வேண்டும். குடைவதும் துளைப்பதும் மெழுகு பூசுவதும் இந்த ஒரு இரவுக்காகத்தான்.

வழிந்த எபொக்சியை வினாகிரியில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். இறுகாத எபொக்சியை வினாகிரி சுத்தமாக எடுக்கும். கலந்த தகட்டில் மிச்சம் இருக்குமே, அதைக் குப்பையில் போடாதீர்கள். இறுகிவிட்டதா என்று பார்க்க வேண்டியது அதைத்தான். நகத்தால் அழுத்தினால் அடையாளம் விழாத வரைக்கும் ரைபிளைத் தொட வேண்டாம்.

கேள்வி: பெடிங் போட்டு மூன்று நாளாகிவிட்டது. எபொக்சி இன்னும் பிசுபிசுக்கிறது. மேலே எண்ணெய் போல ஒரு படலமும் தெரிகிறது. போலிச் சரக்கை விற்றுவிட்டார்களா?
- வாசகர், நுவரெலியா

பதில்: கடைக்காரர் மேல் பழி போடுவதற்கு முன் உங்கள் அறையின் வெப்பமானியைப் பாருங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் 25 பாகை செல்சியஸ் போன்ற அறைக்கு எழுதியது. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி விழும் ஊர். வெப்பம் 10 பாகை குறைந்தால் எபொக்சி இறுகும் நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. இரவில் அறை 10 பாகைக்கு இறங்கினால், அதற்கும் கீழே போனால், சில வகைகள் இறுகுவதையே நிறுத்திவிடும். உங்களுடையது கெட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். சூடு கொடுத்தால் பெரும்பாலும் மறுபடியும் இறுகத் தொடங்கும்.

சூடு கொடுக்க எளிய வழி பழைய தேயிலைப் பெட்டி. ஒட்டுப்பலகைப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, அடியில் ஒரு பழைய இழை மின்குமிழை, 40 அல்லது 60 வொட், பலகையையும் துணியையும் தொடாதபடி பொருத்துங்கள். எல்ஈடி மின்குமிழ் இதற்கு உதவாது, அதில் சூடு இல்லை. ரைபிளின் நடுப்பகுதி பெட்டிக்குள் இருக்கும்படி இரண்டு பக்கமும் பலகையை வெட்டி விட்டால் போதும், முழு ரைபிளும் உள்ளே போக வேண்டியதில்லை. ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு 28, 30 பாகையில் நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டாம்; சூடு கூடிக்கொண்டே போனால் பிளாஸ்டிக் வளையலாம், பிளாஸ்டிசினும் இளகும். அடுப்பங்கரையில் அடுப்புக்கு மேல் வைப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஒரு பக்கம் மட்டும் சூடாகும் இடம் இந்த வேலைக்கு ஆகாது. துவக்கு வைக்கும் இடமும் அது இல்லை.

நீங்கள் சொன்ன எண்ணெய்ப் படலம் எண்ணெய் இல்லை. குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் கடினமாக்கியில் உள்ள அமீன் என்ற இரசாயனம், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே அப்படிப் படியும். மூடுபனி ஜன்னலால் உள்ளே வரும் வீடுகளில் இது சாதாரணம். தின்னரால் துடைத்தால் இழுகிப் பரவும். வெதுவெதுப்பான தண்ணீரும் சிறிது சவர்க்காரமும் போதும். அதன் மேல் இரண்டாவது அடுக்கு எபொக்சி போடுவதாக இருந்தால் கட்டாயம் கழுவி, எமரிக் கடதாசியால் உரசிவிட்டுத்தான் போட வேண்டும். இனி இந்த வேலையை மலைச்சரிவில் மழை ஓய்ந்த மாதங்களில் வையுங்கள். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தார் மே முதல் செப்டெம்பர் வரை தள்ளிப்போடலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தாருக்கு அதே மாதங்கள்தான் உலர்ந்தவை.

கேள்வி: என்னுடையது பெரிய ரவை ரைபிள், ரெமிங்டன் 700 மாதிரி. பின்னுதைப்பைத் தாங்கும் லக்கைச் சுற்றி எபொக்சி எல்லாப் பக்கமும் இறுக்கமாக நிரம்பியிருந்தால்தானே பலம்?
- வாசகர், வெலிமடை

பதில்: இல்லை. அந்த லக், அதாவது அக்ஷனின் முன்னால் கீழ்நோக்கி நீட்டியிருக்கும் இரும்புத் தகடு, பின்பக்க முகத்தால் மட்டுமே ஸ்டொக்கைத் தொட வேண்டும். உதைப்பு வருவது பின்னோக்கி. தாங்க வேண்டியதும் அந்த முகம்தான். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடி ஆகிய நான்கிலும் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று அல்லது இரண்டு சுற்று ஒட்டி, ஓரங்களைப் பிளேடால் சீவி, அதன் மேல் மெழுகு பூசுங்கள். எபொக்சி இறுகி அக்ஷனை எடுத்த பிறகு டேப்பை உரித்தால், மயிரிழை அளவு இடைவெளி கிடைக்கும். அடி மிக முக்கியம். லக்கின் அடி எபொக்சியைத் தொட்டால் அக்ஷன் தன் உடலில் உட்காராமல் லக்கின் மேல் ஏறி நிற்கும். ஸ்குரூவை இறுக்கும்போது நடுவில் வளையும். முன்பக்கமும் இறுக்கமாக இருந்தால், ஒவ்வொரு தடவை சுத்தம் செய்யக் கழற்றும்போதும் லக் எபொக்சியைச் சுரண்டி எடுக்கும். சுரண்டிய தூள் அடியில் தங்கினால் மறுபடியும் பழைய கதை.

அச்சில் வார்த்த ஸ்டொக்கில் லக்குக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் சுவர் பெரும்பாலும் மெலிது. அதைத் துணிந்து குடைந்து, பின்னால் உள்ள வெற்று அறையையும் சேர்த்து எபொக்சியால் நிரப்புங்கள். உங்கள் ரைபிளில் நீங்கள் கவனம் வைக்க வேண்டிய இடம் இதுதான். குழலின் தொடக்கத்தில் ஓரங்குலத்துக்கு எபொக்சியில் ஒரு தாங்கல் கொடுப்பது என் வழக்கம். அதற்கு அப்பால் குழல் எதையும் தொடக்கூடாது.

கேள்வி: அக்ஷன் ஸ்டொக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மெழுகு பூசித்தான் வைத்தேன். சுத்தியலால் தட்டலாமா?
- வாசகர், ஹட்டன்

பதில்: தட்டாதீர்கள். முதலில் எல்லா ஸ்குரூவும் வழிகாட்டி ஊசியும் வெளியே வந்துவிட்டனவா என்று பாருங்கள். பிறகு முழு ரைபிளையும் குளிரில் வையுங்கள். குளிரில் இரும்பும் எபொக்சியும் பிளாஸ்டிக்கும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அந்த வித்தியாசமே மெழுகுப் படலத்தை உடைத்துவிடும். உறைபெட்டியில் நுழையாது என்றால் ஐஸ் கட்டிகளைப் பொலித்தீன் பையில் போட்டு அக்ஷனின் மேல் சில மணி நேரம் வைத்துக் கட்டுங்கள். அதன் பிறகு ஸ்டொக்கை ஒருவர் பிடிக்க, குழலை மேல்நோக்கி நேராக, ஆட்டாமல் இழுங்கள். வரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம். வந்ததும் இரும்பைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள், குளிர்ந்த இரும்பில் நம் ஊர் ஈரம் உடனே படியும். இதற்கும் வராவிட்டால் எங்கோ ஒரு பொந்தில் எபொக்சி புகுந்து பூட்டியிருக்கிறது. அங்கே மேலும் பலம் கொடுக்காமல் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். ஸ்டொக்கை அறுத்தாலும் பரவாயில்லை, அக்ஷனைக் காப்பாற்றலாம்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். எங்கள் தோட்டத்துப் பழைய பங்களாச் சுவரில் துரைமார் ரைபிளோடு நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் எபொக்சி இல்லையே, அவர்கள் என்ன செய்தார்கள்?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: நல்ல கேள்வி, மகள். அந்தப் படம் பெரும்பாலும் இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படையினுடையதாக இருக்கலாம். 1900 இல் தொடங்கி 1949 இல் கலைக்கப்பட்ட படை அது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டது. ஐரோப்பியத் தோட்டத்துரைமாரே அதில் சேர்ந்தார்கள். அந்தத் தோட்டங்களை வெட்டித் திருத்திய நம்மவர்களுக்கு அதில் இடம் இருக்கவில்லை.

பிரித்தானியப் பேரரசின் படைகளில் அக்காலத்து வழக்கமான ரைபிள் .303 லீ-என்ஃபீல்ட். முழு நீளத்துக்கும் மரம் போர்த்தியது. அதன் பின்னுதைப்பு முன்மரத்தின் பின்முனையில் இரண்டு பக்கமும் உள்ள சிறிய தோள்களில் இறங்கும். அந்தத் தோள்கள் இரும்போடு சரிசமமாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக, ஆயுதக் கம்மியர்கள் இரும்பில் கரி பூசி, மரத்தில் வைத்து எடுத்து, கரி ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவி, மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். அவுஸ்திரேலியாவில் மென்மையான மரத்தில் செய்தபோது அந்த இடத்தில் செம்புத் தகடு வைத்தார்கள். மரம் ஈரம் குடிக்காமல் இருக்க ஆளிவிதை எண்ணெய் ஊற ஊறப் பூசுவார்கள். நம் மலையின் மழையில் அந்த எண்ணெய் இல்லாமல் ஒரு மர ஸ்டொக்கும் நிலைத்திருக்காது. கரி பூசிப் பார்க்கும் அந்த முறையை இன்றைக்கும் நான் கைவிடவில்லை. எபொக்சி இறுகிய பிறகு எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்பதை அதைவிட நேர்மையாகச் சொல்லும் கருவி எனக்குத் தெரியாது.

கேள்வி: பிளாஸ்டிக் ஸ்டொக்கின் முன்பகுதியைக் கையால் அழுத்தினாலே குழலைத் தொடுகிறது. பெடிங் போட்டால் இது நிற்குமா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: நிற்காது. பெடிங் அக்ஷனுக்கு, வளைவு முன்பகுதிக்கு. முன்பகுதியின் உள்ளே விலாக்கள் இருக்கும். அவற்றில் நீளவாக்கில் துளை போட்டு, இரண்டு கரிநார் (காபன் பைபர்) குச்சிகளைச் செருகி, சுற்றிலும் எபொக்சி ஊற்றினால் கட்டை போல விறைத்துவிடும். கரிநார்க் குச்சிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உடைந்த பூப்பந்து மட்டையின் தண்டு போதும். பாடசாலை விளையாட்டு அறைகளில் கேட்டால் கிடைக்கும். இரும்புக் கம்பி போட்டால் முன்பக்கம் பாரமாகும். எபொக்சி குழலின் பள்ளத்துக்குள் எழும்பாமல், இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீழேயே நிறுத்துங்கள். இந்த வேலையை அக்ஷன் பெடிங்குக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு செய்தால் ஊற்றிய எபொக்சியின் சூடும் சுருக்கமும் ஸ்டொக்கை லேசாகத் திருப்பி, நல்ல பெடிங்கைக் கெடுத்துவிடும்.

கேள்வி: காட்டுப்பன்றிக்காக மாவட்டச் செயலகத்தில் பெற்ற ஒற்றைக்குழல் துவக்கின் கட்டை வெடித்துவிட்டது. பெடிங் போடலாமா?
- வாசகர், ஹாலிஎல

பதில்: முறித்துத் திறக்கும் துவக்குக்கு இங்கே சொல்லும் பெடிங் பொருந்தாது. வெடிப்பு அக்ஷனை ஒட்டிய முகத்தில் என்றால், உள்ளே கட்டையைப் பிடிக்கும் நீள ஆணி தளர்ந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள். வெடிப்புக்குள் மெல்லிய எபொக்சியைச் சிரிஞ்சால் ஏற்றிக் கட்டிவைக்கலாம், ஆனால் கைப்பிடி வரை வெடித்திருந்தால் புதிய கட்டைதான். அனுமதிப்பத்திரம் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். உங்கள் பத்திரம் இந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும், துவக்கோடு அதையும் கையில் கொண்டு போங்கள்.

கேள்வி: பெடிங் முடிந்துவிட்டது. இனி ஸ்குரூவை எவ்வளவு இறுக்குவது? "கைக்கு இறுக்கமாக" என்றால் என் கைக்கும் அண்ணன் கைக்கும் வித்தியாசம் இருக்கிறதே.
- வாசகர், கலஹா

பதில்: அதனால்தான் முறுக்கு அளக்கும் திருப்புளி வாங்கச் சொல்கிறேன். ரைபிளோடு வந்த கையேட்டில் எண் இருந்தால் அதையே வையுங்கள். இல்லாவிட்டால், தூண் வைத்த பெரிய ரவை ரைபிளுக்கு 7 நியூட்டன் மீற்றர் அளவு வழக்கம்; .22 ரைபிளுக்கு 2 முதல் 2.5 வரை போதும். ரைபிளைப் பின்கட்டையில் நிமிர்த்தி, தரையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, லக் பின்பக்கம் போய்ச் சாய்ந்ததும், முதலில் முன் ஸ்குரூவை விரலால், பிறகு பின் ஸ்குரூவை விரலால். அதன் பின் முன்னது பாதி, பின்னது பாதி, முன்னது முழுதும், பின்னது முழுதும். நடுவில் மூன்றாவது ஸ்குரூ இருந்தால் அது மெகசின் தகட்டைப் பிடிக்க மட்டுமே. அதை முறுக்கிப் பலம் காட்டாதீர்கள்.

டயல் கேஜை மறுபடியும் வைத்து, முன் ஸ்குரூவைத் தளர்த்தி, முள் அசைகிறதா பாருங்கள். முன்பு ஓடிய முள் இப்போது நின்றால் வேலை சரி. எபொக்சிக்கு இன்னும் ஐந்தாறு நாள் கொடுத்துவிட்டுச் சுடுங்கள். இருபது ரவை சுட்டதும் ஒரு தடவை முறுக்கைச் சரிபாருங்கள். குறைந்திருந்தால் மறுபடி அதே எண்ணுக்கு ஏற்றுங்கள். அந்த எண்ணையும் திகதியையும் குழலின் பள்ளத்துக்குள் நிரந்தர மையால் எழுதி வையுங்கள். அடுத்த தடவை கழற்றுவது நீங்களானாலும் அண்ணனானாலும் ஒரே இறுக்கம்தான்.